தைகாவின் கத்தல்

மார்ச் 4, செவ்வாய்

தைகாவுக்குக் குரல் கொடுக்கப் போவது என் தோழி மார்லிஸாம். ஜப்பான் பள்ளி வாலிபால் கார்ட்டூன், தைகாதான் அதில் ஹீரோ. எனக்கு மினோரு. பெஞ்சில் உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போடுகிற பையன். இங்கே பையன்களுக்கும் பொண்ணுங்கதான் பேசுவோம். டாலஸில் இந்த டப்பிங் ஸ்டுடியோவுக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். நல்லா வேணும் எனக்கு.

மார்ச் 6

"டீனா, நீ இல்லேன்னா நான் ஏதுடி!" என்று மார்லிஸ் கட்டிக்கொண்டாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

மார்ச் 11

ஏழாவது எபிசோடு. போட்டிக்கு முந்தின வாரம், கோச் நம்பர் போட்ட சட்டைகளைக் கொடுக்கிறார். தைகாவுக்கு ஒன்றாம் நம்பர். மினோருவுக்குச் சட்டையே இல்லை. எழுதினவன் என் வீட்டு ஜன்னல்ல ஒளிஞ்சு பார்த்தானா என்ன?

இங்கே யாரும் சேர்ந்து நின்று பேசுவதில்லை. ஒவ்வொருத்தராகத் தனி அறையில் பேசணும். முதலில் பேசினவர் குரல் அடுத்தவர் காதில் ஓடும். இன்று என் ஹெட்போனில் மார்லிஸ். பயிற்சியில் தோற்றுத் தைகா அழுகிற இடம் – பாவி, நல்லாப் பண்ணியிருக்கா. அதுதான் தாங்கலை. சுமாரா இருந்திருந்தா எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

"வாழ்த்துகள், தைகா." இது என் வசனம். டைரக்டர் வென்டெல் துள்ளிக் குதித்தார். "இதான் டீனா! இந்தக் கடுப்பு எங்கேருந்து வருது உனக்கு?"

எங்கேருந்தா!

மார்ச் 12

மார்லிஸ் டாக்கோ வாங்கி வந்தாள். "நாளைக்கு என் மீதிப் பதிவு. வென்டெல் லீவு. கத்தலையெல்லாம் முதல்லயே முடிச்சிடப் போறேன். தொண்டை புதுசா இருக்கும்ல? என்னடி சொல்றே?"

நாடகத்திலிருந்து வந்தவள், தெரியாது. டப்பிங்கில் கத்தலைக் கடைசியில்தான் வைப்போம். முதலில் கத்தினால் அப்புறம் பேசத் தொண்டை இருக்காது.

டாக்கோவை மென்றுகொண்டே சரின்னு தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 13

மதியம் லீவிலிருந்தே வென்டெல் போன். "மார்லிஸுக்குத் தொண்டை போச்சு. வெறும் காத்துதான் வருது. எபிசோடு நாளைக்குப் போயாகணும். பேச்சுதானேன்னு கடைசிக்கு வச்ச தைகாவோட ஒரே ஒரு வரி பாக்கி. அவளை மாதிரியே சொல்லிடுவியா? டைட்டில்ல பேரு அவ பேருதான் வரும்."

போனேன். போகாம இருப்பேனா? போட்டிக்குக் கிளம்புகிற பஸ்ஸின் வாசலில் நின்று தைகா கூப்பிடுகிறான். "மினோரு! நீ ஏறாம இந்தப் பஸ் நகராது!"

பேச வேண்டிய வரியைக் கத்தியே விட்டேன். யாரோ என்னையே கூப்பிட்ட மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது. ஒரே டேக்கில் ஓகே.

மார்ச் 29

வென்டெல் வீட்டில் எல்லோரும் சேர்ந்து எபிசோடு பார்த்தோம். பஸ் காட்சிக்கு ஒரே கைதட்டல். "மார்லிஸ், கொன்னுட்டே போ!" எனக்குக் கொதித்தது. அது என் கத்தல்டா!

மார்லிஸ் எழுந்தாள். "அய்யோ, அது நான் இல்லை. டீனா. எனக்குத் தொண்டை போனப்ப இவதான் காப்பாத்தினா."

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு ஏன் இன்னும் எரிகிறது? நல்ல மனசுலயும் அவளே முந்திக்கிட்டா, அதான்.

ஏப்ரல் 2

நாளைக்கு மார்லிஸுக்கு அடுத்த பதிவு. நானே போன் பண்ணினேன். "கத்தலைக் கடைசியில வைடி. முதல்ல கத்தினா தொண்டை போயிடும்."

அவள் கேட்டாள்: "இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "நாளைக்கு நீயும் வா. பக்கத்துல நின்னு சொல்லு" என்றாள்.

வரேன்னு சொல்லியிருக்கேன். வயிறு இன்னும் எரியுது. இருந்தாலும் போவேன்.