கண்காட்சியில் உம்மைப் பற்றிச் சொன்னேன்

டுபாய்,
ஐப்பசி 2006

அன்புள்ள பத்மாசனிக்கு,

கோணேசர் துணையால் நான் சுகம். நீரும் பிள்ளைகளும், வெருகலில் இருந்து வந்து நம் வீட்டில் தங்கியிருக்கும் சனமும் சுகம்தானே?

போன கிழமை இங்கே வர்த்தகக் கண்காட்சி நடந்தது. கட்டடங்களைப் பராமரித்து நடத்துவதும் படித்துச் செய்யக்கூடிய தொழில்தான் என்று மாணவர்களுக்கு விளக்கக் கம்பனி என்னை நிறுத்தியது. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, "சார், இது கூட்டிப் பெருக்குற வேலைதானே?" என்று கேட்டாள். பாடமாக்கிய பேச்சு எனக்கு மறந்துபோயிற்று.

"தங்கச்சி, சண்டையால ஓடிவந்த சனத்தை என்ர மனிசி வீட்டில வைச்சிருக்கிறா. கரண்ட் இல்லை, ஒரு கிணறுதான். குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைச்சு, கக்கூசுக்கு முறை வைச்சு, ஒருத்தருக்கும் வயித்தோட்டம் வராமல் பாக்கிறா. அதுதான் இந்தத் தொழில்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவங்க எங்க படிச்சாங்க?" என்று கேட்டாள். பிறகு எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று விசாரித்துக்கொண்டு போனாள். மனேஜர் எனக்குக் கை கொடுத்தார். அந்தப் பாராட்டு உமக்குரியது, பத்மா. உமக்கு என் நன்றி.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மோர்மிளகாய் கொடுத்துவிடும். கதை ஒன்றும் இல்லாவிட்டாலும் இரண்டு பக்கம் எழுதும். ரெலிபோன் எப்போது திரும்ப வேலை செய்யுமென்று கேட்டுப்பாரும். என்னை வேலைக்கு ஏற்ற வந்த வான்காரன் ஹோன் அடிக்கிறான். எல்லோருக்கும் சோறு போட்ட பிறகு, நீரும் இருந்து சாப்பிடும்.

உம்முடைய,
குலசிங்கம்