அப்பா கேட்டுக்கு வெளியே நிற்கிறார்

என் மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் சுகம் என்று எழுதத்தான் மனசு வரவில்லை. என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி.

போன மாதம் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் செத்துக் கிடக்கிறான், மகனைக் காணவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்த அடையாளம் ஒத்துப்போகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். அப்பா லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு அப்படியே ஓடினார், உன் மாமாவும் கூடப் போனார். நான் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை, வேண்டாம் ஆண்டவரே வேண்டாம் என்பதைத் தவிர ஜெபமும் வரவில்லை. மறுபடி போன் அடித்தபோது தொடப் பயந்து தங்கச்சியை எடுக்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அண்ணன் இல்லம்மா" என்றாள். எனக்கு உயிரே நின்றுவிட்டது. அவள்தான் என்னைப் பிடித்து உலுக்கி, "அது அண்ணன் இல்லம்மா, வேற யாரோ" என்று திருத்திச் சொன்னாள்.

பிணவறையில் நடந்ததை மாமா பிறகு சொன்னார். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அப்பா வராந்தாத் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாராம். நீ வீட்டை விட்டுப் போன அன்று, உன் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்ன அதே மனுஷன். உங்கள் பையன் இல்லையே, ஏன் அழுகிறீர்கள் என்று அங்கிருந்த ஊழியர் கேட்டிருக்கிறார். "அவன் எங்கேயோ உசுரோட இருக்கான். வாடான்னு சொல்ல நான் இன்னும் போகலையே" என்றாராம்.

அன்றிலிருந்து உன்னைத் தேடாத இடமில்லை. கடைசியில் பட்டறை வெல்டர்தான் நீ ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை செய்வதைப் பார்த்ததாகவும், கூப்பிட்டதும் நீ கூட்டத்தில் நழுவிவிட்டதாகவும் சொன்னார். நீ குடித்துவிட்டு பைக்கை ஓட்டித் தங்கச்சியின் கால் போனது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. அவள் இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள், தையல் கடைக்குத் தானே போய் வருகிறாள். வந்தால் முதலில் நாலு அறை, பிறகுதான் சோறு என்று உனக்குச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு உன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

திருந்தினால் வரட்டும் என்று எழுதவா என்று அப்பாவிடம் கேட்டேன். ஆண்டவர் நம்மைத் திருந்திட்டு வாங்க என்று சொல்லிவிட்டா பரலோகத்திலேயே உட்கார்ந்திருந்தார், இறங்கித்தானே வந்தார் என்றார். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மகனே, இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இதை உன் ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு அப்பா கேட்டுக்கு வெளியே நிற்கிறார். உன்னை அடிக்க வரவில்லை, கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். பின்வாசல் வழியாக ஓடிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். அவருக்கு முழங்கால் வலி, துரத்த முடியாது, ஆனால் நீ இல்லாமல் திரும்பி வரவும் மாட்டார். ஆண்டவர் உன் கால்களை வீட்டுப் பக்கம் திருப்பட்டும். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்காகப் பயந்து பயந்து ஜெபிக்கும்,
அம்மா