வைகை நாட்டு முதல்வர் வேட்பாளர்

ஜூன் 3
வைகை நாட்டு முதல்வர் பதவிக்கு இன்று மனு தாக்கல் செய்தேன். இந்த நாடு செல்போனுக்குள் இருக்கிறது. முந்நூறு மதுரைக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து நடத்தும் விளையாட்டு தேசம். என் கன்னிப்பேச்சில் செல்போனே சூடாகிவிட்டது. எதிர்த்து நிற்பது தல்லாகுளம் பிருந்தா டீச்சர். பாவம்.

ஜூன் 5
ஓட்டுப் போடத் தனியாகப் பதிய வேண்டுமாம். பதினைந்தாம் தேதி கடைசி. என் வலதுகை பேச்சிமுத்து, “இப்பவே பதிஞ்சிருவமாண்ணே?” என்றான். சிரித்தேன். எந்தக் கடைசித் தேதி இங்கே கடைசியாக இருந்திருக்கிறது? ஆதார் இணைப்பை எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள்! பள்ளியில் என் குடிமையியல் விடைத்தாளை வாத்தியாரே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். எனக்குத் தெரியாதா? அவசரப்படாதீர்கள், நீட்டிப்பார்கள் என்று குழுவில் அறிவித்தேன். நூறு பேர் கைதட்டினார்கள். சரி, பன்னிரண்டு.

ஜூன் 12
பிரச்சாரத்தில் இருந்தபோது மனைவி முத்துமீனா குறுக்கே வந்தாள். “அந்த நாட்டுல சோறு போடுவாகளான்னு கேட்டுக்கங்க.” அரசியல் தெரியாதவள்.

ஜூன் 15
நானும் பதியவில்லை. கடைசி நாளில் முண்டியடிப்பது தலைவனுக்கு அழகா?

ஜூன் 16
நீட்டிக்கவில்லை.

பால்கோவா வாங்கிக்கொண்டு ஆரப்பாளையம் போனேன். எங்கள் தேர்தல் அதிகாரி சிஹாபுதீன் அங்கேதான் செல்போன் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். மேல்தட்டிலிருந்து சார்ஜர் எடுக்கவும் எழுந்திருக்கலாம். பதிவின் கடைசித் தேதியை ஒரே ஒரு நாள் தள்ளிவைக்கச் சொன்னேன்.

“டீச்சர் ஆளுக அம்புட்டுப் பேரும் எப்பவோ பதிஞ்சுட்டாகண்ணே. ஒங்க ஆளுகதான் நீட்டிப்பாகன்னு ஒக்காந்திருக்காக.”

பால்கோவாவை மட்டும் வாங்கிக்கொண்டான்.

என் சொல்லை ஒருவர்கூட மீறவில்லை. எம்புட்டு விசுவாசம்! — அதுக்காக இப்புடியா கேப்பாய்ங்க?

ஜூன் 20
முடிவு வந்தது. டீச்சருக்கு நூற்றுப் பதினான்கு. எனக்கு ஒன்று.

அந்த ஒன்று யார்? நானே பதியாதவன். பேச்சிமுத்து தானில்லை என்று அழாத குறையாகச் சொல்கிறான்.

ஜூன் 21
தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டே முத்துமீனா சொன்னாள்: “ஓட்டுப் போட்டவ கேக்குறேன். அடுப்படிக் குழா ஒழுகுது. என்னைக்குப் பாப்பீக?”

எப்போது பதிந்தாய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க குழுவுல நீட்டிப்பாகன்னு சொன்னீகல்ல, அன்னைக்கே பதிஞ்சுட்டேன். ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?”

ஜூன் 22
குழாயைக் கழற்றி மாட்டினேன். தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. எனக்கு வாக்களித்த அத்தனை வீடுகளிலும் இன்று முதல் குழாய் ஒழுகவில்லை. டீச்சர் இப்படிச் சொல்லட்டும் பார்ப்போம்.