மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் நலமாக இருக்கிறோம். அங்கே உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தானாகப் போய்விடும் என்று சும்மா இருக்காமல் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

போனில் பேசினால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நேற்று அந்தத் தாடிக்கார ஆட்டு வியாபாரி வண்டியோடு வந்து நின்றார். ஆடு, குட்டி எல்லாவற்றையும் மொத்தமாகத் தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒரு குட்டியைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் செத்த குட்டிகளை நினைத்துத்தான் இப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சைலேஜ் என்கிற அந்தப் புளிக்க வைத்த தீவனம் குட்டிகளுக்கு ஆகாது, இந்தத் தொழிலே நமக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுத்தானே வேலைக்குக் கிளம்பினீர்கள்! மக்காச்சோளத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. அரைத்து, நனைத்து, டிரம்மில் அடைத்துப் புளிக்க வைத்தது வரை சரிதான். ஆனால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மூடியைத் திறந்து, மோந்து பாருங்க, என்ன வாசனை பாருங்க என்று பெருமையடித்தீர்களே, அங்கேதான் வந்தது வினை. தபால்காரரைக்கூட விட்டு வைக்கவில்லை நீங்கள். திறக்கத் திறக்கக் காற்றுப் புகுந்து பூஞ்சை பிடித்தது. மேலாக வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டோம், குட்டிகள் கழிந்தே செத்தன. கால்நடை டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னார்.

இந்த வருஷமும் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காயாத மக்காச்சோளத்தைப் பார்த்து உங்கள் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் விடுவேனா? கொரகொரவென்று அரைத்துக்கொண்டு வந்தேன். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம் வரும் வரை தெளித்துக் கலந்தோம். பெரிய டிரம்மே வேண்டாம் என்று பேக்கரியில் காலியாகக் கிடந்த, மூடி போட்ட சின்ன வாளிகளை வாங்கினேன். ஒன்றைத் திறந்தால் கெடுவதற்குள் தீர்ந்துவிடும் அல்லவா? இடுக்கில்லாமல் இடித்து அமுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே கல்லை வைத்தோம்.

காவலுக்கு உங்கள் அக்கா. அப்படி என்ன ரகசியம், சாராயமா காய்ச்சுறீங்க என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, ஆமா, உனக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது, போய் வேலையைப் பாரு என்று விரட்டிவிட்டார். எனக்கே கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தொடாமல் இருந்தேன்.

முதல் வாளியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பூஞ்சையின் அடையாளமே இல்லை! நல்ல புளிப்பு வாசனை. புல் கடிக்கப் பழகிய குட்டிகளுக்கு மட்டும், காய்ந்த புல்லோடு ஒரு சிட்டிகை கலந்து ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கூட்டினேன். காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் புழுக்கையைத்தான் பார்ப்பேன். மணிமணியாக இருந்தால்தான் எனக்கு டீ இறங்கும். இன்றுவரை ஒன்றுகூடக் கழியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போன சண்டிக்குட்டி இப்போது என்னை முட்டித் தள்ளிவிட்டு வாளிக்குள் தலையை விடுகிறது. டாக்டரம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடேயப்பா, என்ன கனம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாபாரிக்கு மகா கோபம். வாக்குக் கொடுத்தது அவரு, இல்லைன்னு சொல்றதா இருந்தா அவரே என் முன்னாடி வந்து சொல்லட்டும், மாசக் கடைசியில வண்டியோட வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போனில் சொன்னால் போதுமா என்று நான் கேட்கவே இல்லை.

அதனால் நீங்கள்தான் வர வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக வந்து சேருங்கள். மற்றதை எல்லாம் நேரில்தான் சொல்வேன்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
மனைவி