நான் மறைத்த நான்கு மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு, முழங்கால் வலி தேவலையா?

குடல் புற்றுநோய் சந்தேகமுள்ளவர்களுக்கு அவசரப் பரிசோதனைக்கு நாள் குறித்துத் தருவதுதான் இங்கே ஆஸ்பத்திரியில் என் வேலை. "கூச்சப்படாம சீக்கிரம் வாங்க" என்று தினமும் போனில் சொல்கிற நானே, மலத்தில் ரத்தம் போனதை நான்கு மாதம் மறைத்தேன். கடைசியில் டாக்டரிடம் சொன்னேன். பத்தே நாளில் குழாய் விட்டுப் பார்த்து, கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆரம்பநிலைதானாம், பயப்படாதீர்கள்.

"பக்கத்து ரூம்லதானே இருக்கே, நாலு மாசமா வாயத் திறக்கலையா?" என்று பரிசோதனை அறை நர்ஸ் கேட்டபோது கூனிக்குறுகிப் போனேன். மயக்க மருந்து கொடுத்ததால் வீட்டுக்குக் கூட்டிப்போகத் துணைக்கு ஆள் கேட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்காதான் வந்தார்.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். போன வருடம் மூலம் என்று களிம்பு வாங்கினீர்களே, ரத்தம் நின்றதா? என்னிடம் சொல்லக் கூச்சமென்றால் டாக்டரிடமாவது சொல்லுங்கள் அப்பா.

போன் அடிக்கிறது.

உங்கள் மகள்