இடது கால் செருப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அம்மாவின் இடது குதிகால் புண் நான்கு மாதமாக ஆறாததால், எலும்புக்குள் சீழ் வைத்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் ரத்தத்தை எடுத்து, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, லேசான கதிர்வீச்சு மருந்து ஏற்றி, மறுபடி அவளுக்கே ஊசியாகப் போட்டார்கள். கிருமி இருக்கும் இடத்தில் அந்த அணுக்கள் போய்க் கூடுமாம், மறுநாள் படமெடுத்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியுமாம், எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்தும் சொல்வார்களாம். நிறையக் கூடியிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். உன் அம்மாவோ, "என் ஆளுங்களையே புடிச்சு அடையாளம் வச்சு அனுப்புறாங்க, என்னைப் பத்திக் கோள் சொல்ல" என்று சிரிக்கிறாள். படத்தில் குதிகால் மங்கலாகத்தான் இருந்தது, டாக்டருக்கே ஆச்சரியம். நடுவில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று என்னைக் கேட்டார், இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

சாப்பிட்டாள். நான்தான் கொடுத்தேன். போன வருடம் என் பல்லுக்கு எழுதித் தந்ததில் மிஞ்சிய கிருமிக்கொல்லி மாத்திரையை, அவள் முனகுவதைக் கேட்கச் சகிக்காமல், வலிக்கு என்று சொல்லி ஐந்து நாள் கொடுத்தேன். படமெடுத்த பெண் அடுத்த நோயாளியிடம், கிருமிக்கொல்லி மாத்திரை போட்டிருந்தால் அணுக்கள் சரியாகப் போய்க் கூடாது, சீழ் இருந்தாலும் படத்தில் தெரியாமல் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிலுக்கு அடியில் கிடந்த இடது செருப்பை எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, "காலு தப்பிச்சுது" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். எந்த முகத்தோடு அவளிடம் சொல்வேன்? மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது, மகளே. நாளைக் காலை முதல் ஆளாக டாக்டரிடம் போகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், மறுபடி படம் எடுக்கட்டும். அதற்கு முன் இவளிடம் சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

வீட்டில் மிச்ச மாத்திரை இருந்தால் இன்றே தூக்கிப் போடு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வெயிலில் இருந்த செருப்பை எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள்.