சாமிப் பூவுக்கு ஓர் இடம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை என் வீட்டு இரும்புக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. திறக்காமலே தெரிந்துவிட்டது. காய்ந்த மல்லிகையின் வாசனை, கொஞ்சம் புளித்தாற்போல. உங்கள் படத்துக்குப் போட்ட மாலைகள். பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் எப்போதும்போல மணியடிக்காமல் மாட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். நம் மரத்தைச் சுற்றிச் சிலர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மரம் போய்விட்டால் இந்தப் பூவை எங்கே கொண்டுபோவேன்?

இந்தக் கவலையே நீங்கள் தந்துவிட்டுப் போனதுதான். மார்சிலிங் அடுக்குமாடி வீடுகளில் குடிவந்த புதிதில் எல்லாரும் தண்ணீர்க் குழாயையும் லிஃப்டையும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் சமையலறையில் குப்பை போடும் குழாயின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தீர்கள்.

"மீன் செதில் போற வழியில சாமி மாலைய எப்படிடி போடுறது?"

சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் இருந்தவரை உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்திலேயே கால்வாய். சாமிக்குப் போட்ட பூவைக் கால் படாத இடத்தில்தான் போடவேண்டும், ஓடும் தண்ணீரில் விட்டால் பாவமில்லை என்று அங்கே எல்லாருமே விட்டார்கள்.

நானோ வேதக்காரி. சும்மா இருக்காமல் சீண்டுவேன். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை நாங்களும் குப்பையில் போடமாட்டோம், கோயிலில் திருப்பிக் கொடுத்தால் எரித்துச் சாம்பலாக்கி எங்கள் நெற்றியிலேயே பூசிவிடுவார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

"உங்க ஓலைய ஃபாதர் திரும்ப வாங்கிக்கிறாரு லா. எங்க பூவ யாரு வாங்கிக்கிறா?" என்றீர்கள்.

அப்புறம் அரசாங்கம் ஆறுகளைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. உங்கள் வீட்டுக்காரருக்குக் குப்பை அள்ளும் படகில் வேலை. சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் அன்று மிதந்து வந்ததைச் சொல்வார். செத்த வாத்து, மெத்தை, எண்ணெய் டின். பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இன்னைக்கும் மாலைதான். சூப்பர்வைசர் வலையில எடுத்து என் பக்கம் நீட்டுறான், உங்க ஆளுங்க போட்டதுன்றான். மானமே போவுது லா." நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். சாமி அலமாரிக்கு அடியில் பைபையாகப் பூ சேர்ந்து கிடந்தது அவருக்குத் தெரியாது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். கால்வாயில் போட்டுப் பிடிபட்டால் அபராதம் மட்டுமா? அவர் வேலையே போய்விடும் என்று நடுங்கினீர்கள்.

பூவில் பூஞ்சை பிடித்ததும், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் சாக்கில் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். சிராங்கூன் ரோட்டுக் கால்வாய்ப் பாலத்தில் நின்றோம். "யாராச்சும் பாக்கறாங்களா பாரு" என்று பையைக் கைப்பிடிச் சுவர்மேல் தூக்கி வைத்தீர்கள். கீழே ஓர் ஆள், உங்கள் வீட்டுக்காரர் போடும் அதே சட்டை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். வேறு யாரோதான். ஆனாலும் உங்கள் கை நின்றுவிட்டது.

"வேணாம்டி. அவரு தலையில கொட்டற மாதிரி இருக்கு."

அதே பையோடு திரும்பவும் மார்சிலிங் பஸ். மறுநாள் விடியற்காலையில் நம் புளோக்குக்குக் கீழே புதிதாக நட்டிருந்த கன்றின் அடியில் நீங்கள் தோசைக் கரண்டியால் தோண்டினீர்கள். நான் காவல். அரசாங்க மண்ணில் கை வைக்கிறோமே என்று படிக்கட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கன்றைச் சுற்றிக் கம்பி வேலி இருந்தது. "இங்க கால் படாது" என்று மண்ணை மூடினீர்கள். உங்கள் முகம் அப்போதுதான் தெளிந்தது. அன்றிலிருந்து அதுதான் நம் இடம்.

உங்கள் அஸ்தியைச் சாங்கிக் கடலில் கரைத்த அன்று நான் கரையில் நின்றேன். படகிலிருந்து இறங்கிய உங்கள் வீட்டுக்காரர் கையில், அஸ்திக் கலயத்துக்குப் போட்டிருந்த மாலை அப்படியே இருந்தது. "தண்ணியில போட கை வரலம்மா" என்றார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"அவ வெக்கிற மரத்தடியிலயே வெச்சிடு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா! நாம் பயந்து பயந்து தோண்டியதை எத்தனை காலம் ஜன்னலில் நின்று பார்த்தாரோ. உடனே உங்களிடம் ஓடிவந்து சொல்லவேண்டும் போலிருந்தது. உங்களையோ அப்போதுதான் கரைத்திருந்தார்கள்.

ஆறு சுத்தமாகிவிட்டது, மீன்கள் திரும்பிவிட்டன என்று வானொலியில் சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இன்று காலை பையோடு கீழே இறங்கி, அளந்தவர்களில் ஒரு தமிழ்ப் பையனிடம் கேட்டேன்.

"கார் பார்க் பெருசாக்கறாங்க ஆன்ட்டி. மரம் நிக்குமா போகுமான்னு எங்களுக்குத் தெரியாது லா."

அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், இடம் வலம் பார்த்துவிட்டு உங்கள் மாலைகளைப் புதைத்தேன். வெட்டப்போகும் அடையாளமோ என்னவோ, மரத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர் கண்ணில் முதலில் அதுதான் படும். தண்ணீரில் போட மனம் வராத மனிதரிடம், இனி மண்ணும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? உங்கள் தோசைக் கரண்டி என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. அதில் ஒட்டிய மண்ணைக் கழுவ இன்னும் மனசு வரவில்லை.